பெர்மிற் எடுப்பவரின் குறிப்புகள்: ஒன்ராறியோ கொன்சர்வேஷன் ஏரியாக்களில் ஒன்றுகூடலும் நடையும்

எங்கள் ஊர்ச் சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடலுக்கு இடம் பிடிக்கும் பொறுப்பு பல வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. தலைவர் பதவிக்குப் போட்டி உண்டு, பொருளாளர் பதவிக்கு இன்னும் பெரிய போட்டி உண்டு. பெர்மிற் எடுக்கும் வேலைக்கு ஒருவரும் கை தூக்கியதில்லை. ரொறன்ரோவில் ஜூன் கடைசியிலிருந்து ஓகஸ்ட் முடியும் வரை ஒவ்வொரு சனி ஞாயிறும் ஏதாவது ஒரு ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ எங்கோ ஒரு பார்க்கில் கொத்துரொட்டி போட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தகட்டின் சத்தம் ஜூலையில் கேட்கவேண்டுமென்றால் வேலை ஜனவரியில் தொடங்கவேண்டும், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே. கூரையோடு கூடிய நல்ல பிக்னிக் கொட்டகைகளின் ஜூலை, ஓகஸ்ட் சனிக்கிழமைகள் பனி கரையுமுன்னரே போய்விடும்.

இடம் தேடுகிறவர்கள் என்னிடம் கேட்பது, "அண்ணை, எந்தப் பார்க் நல்லது?" நான் திருப்பிக் கேட்பது, "யாருடைய நிலம்?" பார்வைக்கு எல்லாம் ஒரே புல், ஒரே மர மேசை. ஆனால் ரொறன்ரோவைச் சுற்றி நாலு விதமான சொந்தக்காரர் இருக்கிறார்கள். மாநகரசபைகளின் பூங்காக்கள் ஒரு வகை. ஆறுகளையும் அவற்றின் கரைநிலங்களையும் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு அதிகாரசபைகள் (Conservation Authorities) வைத்திருக்கும் கொன்சர்வேஷன் ஏரியாக்கள் இன்னொன்று. அல்பியன் ஹில்ஸ், ஹார்ட் லேக், புரூசஸ் மில், கெல்சோ, ரட்டில்ஸ்னேக் பொயின்ற் எல்லாம் இதற்குள் வரும். மாகாண அரசின் ஒன்ராறியோ பார்க்ஸ் மூன்றாவது. ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில் தொடங்கும் ரூஜ், 2015 இல் மத்திய அரசின் தேசிய நகர்ப்புறப் பூங்காவானது. 79 சதுர கிலோமீற்றர், உள்ளே நடக்கக் காசில்லை. நாலுக்கும் பெர்மிற் வேறு, கட்டணம் வேறு, விதி வேறு, தொலைபேசி எடுக்கும் ஆள் வேறு. ஒரு அதிகாரசபையின் வருடப் பாஸ் பக்கத்து அதிகாரசபையின் வாசலில் செல்லும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். மாகாணப் பார்க் பாஸை நீட்டி, கொன்சர்வேஷன் ஏரியா வாசலில் நின்று வாதாடிய ஒரு அண்ணையை எனக்குத் தெரியும். பின்னால் வரிசை வீதிவரை நீண்டது, அவர் அசையவில்லை.

இதில் ஒரு முடிச்சு. பள்ளத்தாக்குகளில் இருக்கும் பல மாநகரப் பூங்காக்களின் நிலம் உண்மையில் பாதுகாப்பு அதிகாரசபையுடையது. பராமரிப்பு மட்டும் மாநகரசபையிடம். அப்படியான இடங்களுக்குப் பெர்மிற் மாநகரசபைதான் தரும். ரொறன்ரோ நகரப் பூங்காவில் 25 பேருக்கு மேல் பிக்னிக் என்று கூடினால் பெர்மிற் வேண்டும். "நாங்கள் குடும்பக்காரர்தான்" என்று சொன்னால் விடுவார்கள் என்று நினைக்காதீர்கள். எங்கள் குடும்பங்களின் அளவு அவர்களுக்கும் இப்போது தெரியும்.

இந்த நிலங்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால் அரைவாசி விதிகள் தாமாகவே விளங்கிவிடும். 1954 ஒக்ரோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி ரொறன்ரோவுக்கு மேல் வந்து மழையாகக் கொட்டியது. ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். அந்தத் தெருவின் வீடுகளை ஆறு அள்ளிக்கொண்டு போனது. பாதுகாப்பு அதிகாரசபைகளுக்கான சட்டம் 1946 இலேயே வந்துவிட்டது. ஆனால் ஆற்றோரத் தாழ்நிலத்தை வாங்கி, அங்கே ஒருவரையும் வீடு கட்ட விடாமல் வைத்திருக்கும் வேலை ஹேசலுக்குப் பிறகுதான் மும்முரமானது. 1957 இல் ரொறன்ரோப் பகுதியின் நாலு சிறு அதிகாரசபைகளை ஒன்றாக்கினார்கள். ரேமோர் டிரைவில் வீடுகள் போன இடம் இன்று ரேமோர் பார்க். மாகாணத்தில் இப்படி 36 அதிகாரசபைகள் உருவாகின. அவற்றின் எல்லைகளை மாநகர வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. எந்த ஆற்றுக்கு எந்தப் பக்கத்து மழை ஓடிவருகிறது என்று பார்த்துக் கோடு போட்டிருக்கிறார்கள். 2025 கடைசியில் இவற்றை இணைத்து எண்ணிக்கையைக் குறைக்கும் திட்டத்தை மாகாண அரசு அறிவித்தது. ஆகவே போன பெர்மிற்றில் இருக்கும் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் நம்பிக்கொண்டிராமல் ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பாருங்கள்.

நாம் கூடாரம் அடித்துக் கதிரை விரிக்கும் அந்த அழகான சமதரை, ஆறு பெருகினால் வந்து பரவட்டும் என்று விட்டுவைத்த இடம். இதை மனதில் வைத்துத்தான் நான் இடம் பார்க்கிறேன். இணையத்தில் கொட்டகையின் படத்தைப் பார்த்துப் பதிவு செய்யாதீர்கள். அந்தப் படம் எப்போதும் நல்ல வெயிலில் எடுத்தது. ஏப்ரலில், பனி கரைந்து ஒரு மழையும் பெய்த பிறகு, ஒருமுறை நேரில் போய் நடந்து பாருங்கள். ஏப்ரலில் எங்கே தண்ணீர் நிற்கிறதோ, ஜூலையில் ஒரு இடிமழை அடித்தாலும் அங்கேதான் நிற்கும். ஒரே ஏரியாவுக்குள் மேட்டில் ஒரு கொட்டகையும் ஆற்றோரத்தில் ஒரு கொட்டகையும் இருந்தால், ஆற்றோரத்துக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். நான் மேட்டைக் கேட்பேன். சங்கக் கூட்டத்தில் இதற்காக வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல.

இங்கே கோடை மழையைச் சாதாரணமாக எண்ணவேண்டாம். 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் பெய்தது. 2024 ஜூலை 16 அன்று ஏறக்குறைய 98 மில்லிமீற்றர், அதில் பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள். ஆற்றோரமாக ஓடும் டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலையில் கார்கள் மிதந்ததை எல்லோரும் கைத்தொலைபேசியில் பார்த்தோம். அது செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமையாக இருந்திருந்தால் எத்தனை ஊர்ச் சங்கங்களின் கூழ்ப்பானை ஆற்றில் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அதிகாரசபைகள் தங்கள் தளங்களில் வெள்ள அறிவிப்பு போடுகின்றன. பொதுவான நீர்நிலை அறிவிப்பு, அதற்கு மேலே வெள்ளக் கண்காணிப்பு, அதற்கும் மேலே வெள்ள எச்சரிக்கை என்று மூன்று படி. வானிலையைப் பார்க்கிற எங்கள் ஆட்கள் இதைப் பார்ப்பதில்லை. மழை நின்று வெயில் எறித்த பிறகும் ஆறு ஏறிக்கொண்டிருக்கலாம். அதை வானிலைச் செயலி சொல்லாது. மழைக்குக் காசு திரும்புமா, வேறு நாள் தருவார்களா என்பதைக் கட்டணம் கட்டுமுன் வாசித்துவிடுங்கள். "மழையோ வெயிலோ" என்று எழுதியிருந்தால் அந்தக் காசை மறந்துவிட்டுக் குடை வாங்குங்கள்.

ஆள் கணக்கு அடுத்த தலையிடி. எங்களில் ஒருவரும் வருவதை முன்கூட்டிச் சொல்வதில்லை. "பார்ப்பம்" என்றால் வருவார்கள்; "கட்டாயம் வருவம்" என்றால் சந்தேகம். பெர்மிற்றில் எழுதும் எண்ணிக்கையில் குழந்தைகளும் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அடங்கும். ஆட்களைவிட எனக்குக் கார்கள்தான் கவலை. ஒருவர் இரவு வேலை முடித்து நேரே வருவார், மனைவி பிள்ளைகளோடு வேறு காரில் வருவார், மகன் நண்பர்களோடு மூன்றாவது காரில் வருவான். கொன்சர்வேஷன் ஏரியாக்களில் புல்வெளி நிறையுமுன் கார் தரிப்பிடம் நிறைந்துவிடும். நிறைந்தால் வாசலை மூடிவிடுவார்கள், பெர்மிற் இருந்தாலும் வெளியே காத்திருக்கவேண்டியதுதான். வீதியோரத்தில் விட்டால் தண்டப்பணச் சீட்டு வரும், சில இடங்களில் இழுத்துக்கொண்டும் போய்விடுவார்கள். வயதானவர்களுக்கு ஸ்காபரோவிலிருந்து ஒரு பாடசாலை பஸ்ஸை வாடகைக்குப் பிடித்த வருடம்தான் எனக்கு நிம்மதியான வருடம். பஸ் உள்ளே வந்து திரும்ப இடமிருக்கிறதா என்று முன்னரே கேட்டு அனுமதி வாங்கவேண்டும்.

அடுப்பு, ஒலிபெருக்கி, கூடாரம் மூன்றையும் பற்றிப் பெர்மிற்றில் தனித்தனியாக எழுதியிருக்கும். பாபிகியுக் கரி, காஸ் அடுப்பு இரண்டும் எல்லா இடத்திலும் விடமாட்டார்கள். ஐம்பது பேருக்குக் கொத்துப் போடும் பெரிய அடுப்பு என்றால், அடுப்பின் படத்தையே மின்னஞ்சலில் அனுப்பிக் கேட்பது நல்லது. "சிறிய கிறில்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு அந்த இரும்புத் தகட்டை இறக்கினால் காவலர் முகம் எப்படி மாறும் என்று சொல்லத் தேவையில்லை. சூடான கரியை அதற்கென்று வைத்த இரும்புத் தொட்டியில்தான் கொட்டவேண்டும். மரத்தடியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் அணைந்ததுபோல இருக்கும், வேர் உள்ளே வெந்துவிடும். ஒலிபெருக்கிக்குப் பல இடங்களில் தடை. கூடார முளைகளை நிலத்தில் அடிக்க விடாத இடங்களும் உண்டு. மணல் மூட்டை கட்டித்தான் நிறுத்தவேண்டும். பெரிய நிகழ்வென்றால் பொறுப்புக் காப்புறுதி கேட்பார்கள். அதை ஒரு நாளுக்கு மட்டும் எடுக்கலாம், ஆனால் கடைசிக் கிழமையில் ஓடித் திரிய முடியாது.

விளையாட்டுகளில் கயிறிழுத்தல், சாக்கோட்டம், சங்கீதக் கதிரை எல்லாம் பிரச்சினையில்லை. கிளித்தட்டுக்குக் கோடு போட வர்ணமோ சுண்ணாம்போ தெளிக்காதீர்கள், நாடாவை விரித்துக் கூம்பு வைத்தால் போதும். முட்டி உடைப்பதென்றால் கீழே ஒரு பெரிய தறப்பாள் விரித்துவிடுங்கள். புல்லுக்குள் போன மண்ணோட்டுத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது. அடுத்த நாள் அதே இடத்தில் வேறொருவரின் பிள்ளை வெறுங்காலோடு ஓடும். தண்ணீர் பலூனும் அப்படித்தான்: வெடித்த துண்டுகளைப் பறவைகள் விழுங்கும் என்பதால் பல இடங்களில் தடை.

நேரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பத்து மணி என்று போட்டால் ஒரு மணிக்கு வருவது எங்கள் மரபு. கொன்சர்வேஷன் ஏரியா வாசல் மாலையில் குறித்த நேரத்துக்குப் பூட்டப்படும், அதற்கு அந்த மரபு தெரியாது. சிறுவர் ஓட்டப் போட்டியை முதலாவதாக வைத்து, அதற்குப் பிந்தி வந்தால் பரிசில்லை என்று அறிவித்த பிறகு, பிள்ளைகளே பெற்றோரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். முடிவில் துப்புரவுக்கு ஒரு மணி நேரத்தை நான் நிகழ்ச்சி நிரலில் வேறு பெயரில் ஒளித்துவைப்பேன். "பரிசளிப்பு 5.00" என்று போட்டுவிட்டு 4.00 மணிக்கே தொடங்குவது. இது களவு என்றால் களவுதான்.

ஒன்றுகூடல் வருடத்தில் ஒரு நாள். அதைச் சாட்டாக வைத்து இடம் பார்க்கப் போய்ப் போய்த்தான் எங்களில் சிலருக்கு நடைப்பழக்கம் வந்தது. ஓய்வு பெற்றவர்கள், பேரப்பிள்ளை பார்க்கும் அம்மாக்கள், சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி வைத்தியர் விரட்டியவர்கள் என்று ஒரு கூட்டம். இவர்களுக்கு நான் முதலில் காட்டும் இடம் மில்ற்றனுக்கு அருகே உள்ள குரோஃபோர்ட் ஏரி. ஏரியைச் சுற்றி மரப்பலகை நடைபாதை, ஒன்றரைக் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, ஏற்ற இறக்கம் இல்லை. சேலையோடும் நடக்கலாம், ஊன்றுகோலோடும் நடக்கலாம். சிறிய ஏரிதான், ஆனால் பரப்புக்குப் பொருந்தாத ஆழம். அதனால் அடித்தண்ணீர் மேல்தண்ணீரோடு கலப்பதில்லை. அடியில் வருடத்துக்கு ஒரு படலமாகச் சேறு குழம்பாமல் படிந்துகொண்டே வருகிறது. 1970களில் அந்தச் சேற்றை ஆராய்ந்தவர்கள் சோளத்தின் மகரந்தத்தைக் கண்டார்கள். சோளம் தானாகக் காட்டில் முளைக்காது, ஆகவே அருகில் யாரோ பயிர் செய்திருக்கவேண்டும் என்று தேடப்போய், சில நூறு வருடங்களுக்கு முன்னர் பூர்வகுடி மக்கள் வாழ்ந்த கிராமத்தையே கண்டுபிடித்தார்கள். அவர்களின் நீள்வீடுகளை இப்போது அங்கே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். மனிதர் பூமியை மாற்றத் தொடங்கிய காலத்துக்கு அடையாள இடமாக 2023 இல் ஒரு அறிவியலாளர் குழு இந்த ஏரியைத்தான் முன்மொழிந்தது. 2024 இல் அந்த முன்மொழிவு வாக்கெடுப்பில் தோற்றது. எங்கள் கூட்டத்தில் ஒரு மாமிக்கு இந்த விபரம் ஒன்றும் பிடிக்கவில்லை. நீள்வீட்டுக்குள் உத்தரத்தில் சோளக்கதிர் கட்டித் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இதென்ன, எங்கட வீட்டு அடுப்படிதானே" என்றார். அரை மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

குரோஃபோர்ட் ஏரியிலிருந்து ரட்டில்ஸ்னேக் பொயின்ற் வரை பள்ளத்தாக்கினூடாக ஒரு பாதை இருக்கிறது, ஒரு வழிக்கே ஏழு கிலோமீற்றருக்கு மேல். கால் பழகியவர்கள் ஒரு கரையில் ஒரு காரையும் மறுகரையில் ஒரு காரையும் விட்டுவிட்டு நடப்பது புத்தி. இரண்டு இடத்துக்கும் தனித்தனியாகப் பதிவு தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இடங்கள் இருக்கும் ஹால்ட்டன் பகுதியில் 2020 இலிருந்து முன்பதிவு முறை வந்துவிட்டது. வாசலில் போய்க் காசு நீட்டும் காலம் போனது. இலையுதிர் நிறம் பார்க்கும் ஒக்ரோபரில், குறிப்பாக நன்றி நவிலல் நீண்ட வார இறுதியில், பதிவில்லாமல் போனால் வந்த வழியே திரும்பவேண்டியதுதான். ஹமில்ற்றன் பக்கத்து வெப்ஸ்ரர், ரூஸ் நீர்வீழ்ச்சிகளும் டண்டாஸ் பீக்கும் இதே கதைதான். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்து "சிவப்பு இலை பார்க்கவேணும்" என்றால், வார நாளில் ஒரு காலைப்பொழுதைக் கேட்டு லீவு எடுங்கள். ஒக்ரோபர் செவ்வாய்க்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் இடையிலான வித்தியாசத்தை ஒருமுறை பார்த்தவர் பிறகு சனிக்கிழமை போகமாட்டார்.

ரட்டில்ஸ்னேக் பொயின்ற், மவுன்ற் நீமோ இரண்டும் நயாகரா எஸ்கார்ப்மென்ற் என்ற நீண்ட பாறைச்சரிவின் செங்குத்துப் பாறைகள். எல்லா இடத்திலும் வேலி இல்லை, பாறைக்குள் ஆழமான வெடிப்புகள் உண்டு, இலை மூடியிருந்தால் தெரியாது. சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பவர் பின்பக்கமாக நடக்கக்கூடாது. பாறை விளிம்பில் முறுக்கிக்கொண்டு நிற்கும் குள்ளமான சீடர் மரத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள். கைப்பருமன்கூட இல்லாத மரத்துக்கும் சில நூறு வயது இருக்கலாம். இந்தப் பாறைச்சரிவில் ஆயிரம் வருடத்தைத் தாண்டிய சீடர்களைக் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பாறைச்சரிவு நெடுக ஓடும் புரூஸ் டிரெயில் என்ற நடைபாதை குவீன்ஸ்ரனிலிருந்து ரொபர்மோறி வரை ஏறக்குறைய 900 கிலோமீற்றர். மரத்தில் வெள்ளைப் பட்டை அடித்திருந்தால் பிரதான பாதை, நீலமென்றால் கிளைப்பாதை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு பட்டை இருந்தால் திருப்பம் வருகிறது. மேல்பட்டை எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பவேண்டும். கைத்தொலைபேசியில் சிக்னல் போனாலும் இது போகாது. தொடக்கத்தில் இருக்கும் வரைபடப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வாசலின் முகவரியை எழுதிக்கொள்ளுங்கள். 911 ஐ அழைத்து "காட்டுக்குள் நிற்கிறோம்" என்றால் அவர்களால் என்ன செய்யமுடியும்?

உண்ணிக்கு வருகிறேன், இதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கருங்கால் உண்ணி ரூஜ் பள்ளத்தாக்கிலும் ஒன்ராறியோவின் தென்பகுதியில் பல இடங்களிலும் இருக்கிறது. லைம் நோய் இதனால்தான் வருகிறது. வெப்பநிலை 4 பாகைக்கு மேல் போனாலே அது நடமாடத் தொடங்கும். கோடையில் மட்டும்தான் என்று நினைப்பது தவறு. வசந்த கால முடிவில் வரும் இளம் உண்ணி ஒரு கசகசா விதை அளவுதான், கறுப்புத் தோலில் கண்ணுக்கே படாது. நீளக் காற்சட்டையைச் சொக்ஸுக்குள் செருகுங்கள். பார்க்க அழகில்லை, பரவாயில்லை. வெளிர் நிற உடை போட்டால் ஊர்வது தெரியும். பாதையின் நடுவே நடவுங்கள், ஓரப் புல்லில் உரசவேண்டாம். வீட்டுக்கு வந்ததும் குளித்து, முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடிக்குள், பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே மேலே இழுக்கவேண்டும். நெருப்புக்குச்சி, மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் ஒன்றும் வேண்டாம். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும் என்பதால் அன்றைக்கே பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எடுத்த உண்ணியை வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரரிடமோ வைத்தியரிடமோ கேளுங்கள். மூன்று இலையாக நிற்கும் நச்சுக்கொடியும் உண்டு, தொட்டால் கொப்பளிக்கும். பந்து பற்றைக்குள் போனால் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

கீரை விடயம் ஒன்று. ஊரில் வேலியோரத்தில் கீரை பிடுங்கிப் பழகிய கை சும்மா இராது. கொன்சர்வேஷன் நிலத்தில் செடி, காளான், பழம் எதையும் பிடுங்க அனுமதியில்லை. பெரியவர்களுக்கு இதைச் சொன்னால், "இவ்வளவு காடு, ஒரு பிடி கீரைக்கோ கணக்கு?" என்று கேட்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பேர் வந்து போகிறார்கள் என்று வாசலில் நிற்கும் கார்களைக் காட்டித்தான் அவர்களுக்கு விளக்கினேன். வீட்டிலிருந்து விறகும் கொண்டுபோகவேண்டாம். ஆஷ் மரங்களை அழித்த மரகதத் துளைவண்டு போன்ற பூச்சிகள் ஊர்விட்டு ஊர் போவதற்கு விறகுதான் வாகனம். அந்த இடத்திலேயே வாங்கி அங்கேயே எரியுங்கள்.

தண்ணீர். கெல்சோ போன்ற ஏரிகள் வெள்ளத்தைத் தேக்க அணைகட்டி உண்டாக்கியவை. நீந்தலாம் என்று குறித்த கரையைத் தவிர வேறெங்கும் இறங்கவேண்டாம். இரண்டு அடி தாண்டினால் தரை சட்டென்று இறங்கும், கீழே தண்ணீர் ஜூனிலும் குளிர். கிராண்ட் ஆற்றில் எலோராப் பள்ளத்தாக்கில் காற்றடைத்த ரியூப்பில் மிதக்கும் விளையாட்டு இளைஞர்களுக்குப் பிடிக்கும். ஆற்றின் ஓட்டம் கூடினால் அதை நிறுத்திவிடுவார்கள், ஆகவே கிளம்புமுன் காலையில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். மீன் பிடிப்பதென்றால் 18 முதல் 64 வயது வரை மாகாண உரிமம் தேவை. தூண்டில் பேரனுடையது, பிடிப்பது தாத்தா என்ற ஏற்பாடு, தாத்தாவுக்கு 65 ஆகியிருந்தால் மட்டும்தான் சரிவரும். அப்போதும் அவர் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்கவேண்டும்.

வருடப் பாஸ் வாங்குவது இலாபமா என்று கேட்பவர்களுக்கு: கோடையில் மட்டும் போவதென்றால் கணக்குப் பார்க்கவேண்டும், மார்ச்சிலும் போவதென்றால் வாங்குங்கள். மார்ச்சில் புரூசஸ் மில்லிலும் மவுன்ற்ஸ்பெர்க்கிலும் மேப்பிள் பாணி காய்ச்சுவார்கள். இரவு உறைநிலைக்குக் கீழேயும் பகல் மேலேயும் போகும் நாட்களில்தான் மரத்திலிருந்து சாறு வடியும். ஏறக்குறைய 40 லீற்றர் சாறு காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி ஊற்றியவர்கள் எங்கள் கூட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். கொதிக்கும் தொட்டியருகே நின்று, விளக்கம் சொல்லவந்த பிள்ளைக்கே அவர்கள் பதம் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் நிகழ்ச்சிக்குத் தனிச்சீட்டு கேட்பார்கள், பாஸ் மட்டும் போதாமல் போகலாம். குளிர்காலத்தில் சில இடங்களில் குழாய்களை மூடிவிடுவதால் கழிப்பறை எங்கே திறந்திருக்கிறது என்று முன்னரே கேளுங்கள். மாகாணப் பார்க்குகளின் பாஸைப் பல பொது நூலகங்கள் இரவல் தருகின்றன. நூலக அட்டை வைத்திருப்பவர் வரிசையில் பெயர் போட்டால் சரி. உங்கள் நூலகத்தில் கொன்சர்வேஷன் பாஸும் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சங்கங்களுக்குக் கடைசியாக ஒன்று. பெர்மிற்றை யாருடைய சொந்த மின்னஞ்சலிலும் எடுக்காதீர்கள். சங்கத்துக்கென்று ஒரு முகவரி திறந்து, போன வருடப் பெர்மிற், காப்புறுதித் தாள், ஆள் கணக்கு, கார் கணக்கு, எந்தக் கொட்டகையில் தண்ணீர் நின்றது என்ற குறிப்பு எல்லாவற்றையும் அதில் போட்டு வையுங்கள். கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கவேண்டும், அதில் ஒருவர் முப்பது வயதுக்குக் கீழே. எங்கள் சங்கத்தில் அந்த இரண்டாவது ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு தம்பி சம்மதிப்பதுபோல இருக்கிறார், "பார்ப்பம்" என்றார்.